மேயர் சொல்லுக்குக் கட்டுப்படாத போலீஸ்
லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் அனுபவம்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று நாம் பேசப்போவது வெகு தொலைவில் உள்ள ஓர் ஊரைப் பற்றி. அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அது. ஹாலிவுட் சினிமா தயாராகும் ஊர் என்றுதான் நம்மில் பலருக்கு அது தெரியும். ஆனால் டயர் செய்தவர்கள், கார் பூட்டியவர்கள், எஃகு உருக்கியவர்கள், வானளாவிய கட்டடங்களைக் கூட்டித் துடைத்தவர்கள் ஆகியோரும் அந்த ஊரில்தான் வாழ்ந்தார்கள். நம் பேச்சு அவர்களைப் பற்றியது.

1991-லும் 1992-லும் அந்த நகரத்தின் மேயருக்கும் போலீஸ் தலைவருக்கும் பெரும் மோதல் நடந்தது. ஒரே ஊரை நிர்வகிக்க வேண்டிய அந்த இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அந்த நிலையில் ஊர் தீப்பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

"இரண்டு அதிகாரிகள் சண்டை போட்டுக்கொண்டால் நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தச் சண்டையின் அடியில் இருப்பது இதுதான்: ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தடியும் துப்பாக்கியும் இன்னொருவர் கையில் இருக்கின்றன. தடி வைத்திருப்பவர் ஓட்டு வாங்கியவருக்குக் கட்டுப்பட்டவரா, இல்லையா? வேலைநிறுத்தம் செய்த எவரும், கூலி உயர்வு கேட்ட எவரும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்விக்கு நேர் எதிரே நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் நாட்டில் போலீஸ் என்பது மாநில சர்க்காரின் கையில் உள்ள இலாகா. நகர மேயருக்கு அதில் அதிகாரம் கிடையாது. அமெரிக்காவில் முறை வேறு. அங்கே நகரங்கள் தங்கள் போலீஸ் படையைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன; நகரத்தின் வரிப்பணத்திலிருந்தே சம்பளம் கொடுக்கின்றன. ஆகவே போலீசைப் பற்றி அங்கே மேயரிடம்தான் ஜனங்கள் கேட்பார்கள்.

இருவரும் யார்?

மேயரின் பெயர் டாம் பிராட்லி. 1917-ல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பு இனத்தவர். அவருடைய தாத்தா அடிமையாக இருந்தவர். தாய் தகப்பன் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். பருத்திக் காட்டு வாழ்க்கையை விட்டுப் பிழைப்புத் தேடி லாஸ் ஏஞ்சல்சுக்கு வந்தது அந்தக் குடும்பம். தாய் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தாள்.

பிராட்லி 1940-ல் போலீசில் சேர்ந்தார். இதைக் கவனியுங்கள்: பிற்பாடு போலீசோடு மோதிய மேயர், தாமே 21 வருஷம் அதே போலீசில் வேலை செய்தவர். லெப்டினெண்ட் பதவி வரை உயர்ந்தார். அதற்கு மேல் கறுப்பருக்கு வழி அடைத்திருந்தது. இரவில் சட்டம் படித்தார். 1961-ல் போலீஸ் வேலையை விட்டு வக்கீலானார். 1963-ல் நகரசபை அங்கத்தினரானார். 1969-ல் மேயர் தேர்தலுக்கு நின்றபோது, எதிரே நின்ற சாம் யார்ட்டி, "இந்த ஆள் வந்தால் தீவிரவாதிகள் கையில் நகரம் போய்விடும்" என்ற பீதியைக் கிளப்பி வெற்றி பெற்றார். 1973-ல் பிராட்லி மறுபடி நின்று ஜெயித்தார். நகர ஜனத்தொகையில் கறுப்பர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வெள்ளையரும் மற்றவரும் சேர்ந்து ஓட்டளித்ததால்தான் அவர் வந்தார். 1993 வரை 20 வருஷம் மேயராக இருந்தார்.

போலீஸ் தலைவரின் பெயர் டேரில் கேட்ஸ். 1926-ல் பிறந்தவர். அவரும் கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைதான். 1949-ல் போலீசில் சேர்ந்து, அக்காலத்துப் போலீஸ் தலைவர் வில்லியம் பார்க்கருக்குக் கார் ஓட்டினார். அவரிடமே பாடம் கற்றார். 1978-ல் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். 1992 வரை 14 வருஷம் அதை விடவில்லை.

இருவருமே ஏழை வீட்டுப் பிள்ளைகள். இருவருமே காக்கிச் சட்டை போட்டவர்கள். ஆகவே இதை "நல்லவன் கெட்டவன்" கதையாக மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. நாற்காலிகளின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

நீக்க முடியாத பதவி

லாஸ் ஏஞ்சல்சில் போலீசுக்கு மேலே ஒரு போலீஸ் கமிஷன் இருந்தது, இன்றும் இருக்கிறது. போலீஸ்காரர் அல்லாத ஐந்து பேர் அதன் அங்கத்தினர்கள். மேயர் அவர்களை நியமிப்பார். காகிதத்தில் பார்த்தால் அந்தக் கமிஷன்தான் போலீஸ் இலாகாவின் தலைமை.

ஆனால் 1930-களில் நகர சாசனத்தில் செய்த திருத்தங்கள் போலீஸ் தலைவரின் பதவிக்குச் சிவில் சர்வீஸ் பாதுகாப்புக் கொடுத்துவிட்டன. அந்த வேலை அவருக்குச் சொத்து மாதிரி. குற்றம் சாட்டி, விசாரித்து, ருசுப்படுத்தினால் ஒழிய யாரும் அவரை நீக்க முடியாது. மேயரும் முடியாது, கமிஷனும் முடியாது. கால வரம்பும் கிடையாது.

ஏன் அப்படிச் செய்தார்கள்? ஊழல் மேயர்களின் கையில் போலீஸ் சிக்கக் கூடாது என்றார்கள். ஊழல் இருந்தது உண்மைதான். 1938-ல் பிராங்க் ஷா என்ற மேயரை ஜனங்களே ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஆனால் மருந்தே நோயாகிவிட்டது. பார்க்கர் 1950-ல் தலைவரானார்; 1966-ல் சாகும் வரை இருந்தார். அவர் காலத்தில் மூன்று மேயர்கள் வந்தார்கள். மேயர்கள் மாறினார்கள், தலைவர் மாறவில்லை. நாளாவட்டத்தில் போலீஸ் என்பது நகரத்துக்குள்ளே இன்னொரு சர்க்கார் ஆகிவிட்டது.

தடி யார் முதுகில் விழுந்தது?

பொறுப்புச் சொல்ல வேண்டாத தடி எங்கே விழும்? திருப்பிக் கேட்க முடியாதவன் முதுகில்தான் விழும். வரிசையாகச் சில சேதிகளைப் பார்ப்போம்.

1920-களிலும் 1930-களிலும் அந்தப் போலீசில் "சிவப்புப் படை" என்றே ஒரு பிரிவு இருந்தது. வேலைநிறுத்தங்களை உடைப்பதும் சங்கக் கூட்டங்களைக் கலைப்பதுமே அதன் வேலை.

1936-ல் என்ன நடந்தது? விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இதைக் கேட்க வேண்டும். வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலமிழந்த விவசாயிகள் குடும்பம் குடும்பமாகக் கலிபோர்னியாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் தன் ஆட்கள் 136 பேரை மாநிலத்தின் எல்லைக்கே அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி விரட்டச் செய்தார். ஒரு நகரத்துப் போலீஸ் நூற்றுக்கணக்கான மைல் கடந்து போய் ஏழைகளை வழிமறித்தது!

1965 ஆகஸ்டில் கறுப்பர்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. போலீஸ் ஒரு காரை நிறுத்தியதில் தொடங்கியது. 34 பேர் இறந்தார்கள்.

1979 ஜனவரியில், கேட்ஸ் தலைவராக வந்த மறு வருஷம், 39 வயதுத் தாய் ஒருத்தியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. எரிவாயுக் கட்டணப் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க வந்தவர்களோடு ஏற்பட்ட தகராறு அது. அவள் கையில் சமையல் கத்தி இருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் கையில் துப்பாக்கிகள் இருந்தன. அவர்கள் மேல் வழக்குப் போடவில்லை.

1982-ல் கழுத்தை நெரித்துப் பிடிக்கும் போலீஸ் முறையால் பலர் செத்தது அம்பலமாயிற்று. செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். கேட்ஸ் சொன்ன விளக்கம் என்ன? கறுப்பர்களின் ரத்தக் குழாய்கள் "சாதாரண மனிதர்களுக்கு" ஆவது போலச் சீக்கிரம் திறந்துகொள்வதில்லை போலும் என்றார்! இப்படிப் பேசியவரை நீக்க மேயருக்கு அதிகாரம் இல்லை.

1990 ஜூன் 15 அன்று கட்டடத் துப்புரவுத் தொழிலாளர்கள் செஞ்சுரி சிட்டி என்ற இடத்தில் ஊர்வலம் போனார்கள். பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பெண்கள் ஏராளம். கேட்டது சங்க உரிமையும் கூலி உயர்வும். போலீஸ் குண்டாந்தடியோடு பாய்ந்தது. பலருக்கு மண்டை உடைந்தது. கர்ப்பிணி ஒருத்தியின் கரு கலைந்தது. ஆனால் அவர்கள் கலைந்து ஓடிவிடவில்லை. காரியம் நடந்தது பட்டப்பகலில். ஊரே படத்தில் பார்த்தது. சில நாட்களுக்குள் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. தடியடிக்காக நகர நிர்வாகம் பிற்பாடு லட்சக்கணக்கான டாலர் நஷ்டஈடு கொடுத்தது. யார் பணம்? ஜனங்களின் வரிப்பணம்.

மேயர் "போ" என்றார், தலைவர் போகவில்லை

1991 மார்ச் 3 பின்னிரவு. ராட்னி கிங் என்ற கறுப்பு வாலிபர் வேகமாகக் காரை ஓட்டிப்போனார். போலீஸ் துரத்திப் பிடித்தது. தரையில் விழுந்தவரைத் தடியால் அடித்தார்கள், உதைத்தார்கள். எதிர்ப்புறத்துக் குடியிருப்பில் இருந்த ஒருவர், பிளம்பிங் தொழில் செய்தவர், தன் கையில் இருந்த சிறு கேமராவால் அதைப் படம் பிடித்தார். படத்தில் 56 தடியடிகள் எண்ணப்பட்டன. சுற்றிலும் பல போலீஸ்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டெலிவிஷனில் உலகம் முழுவதும் பார்த்தது.

அந்த மாதமே இன்னொரு கொடுமை. 15 வயதுக் கறுப்புச் சிறுமி ஒருத்தி ஆரஞ்சுச் சாறு புட்டி ஒன்றைப் பற்றிய தகராறில் கடைக்காரம்மாளால் சுடப்பட்டு இறந்தாள். சுட்டவளுக்குக் கோர்ட் சிறைவாசம் கொடுக்கவில்லை. ஜனங்கள் மனத்தில் இந்த இரண்டு சேதிகளும் சேர்ந்து கனன்றன.

மேயர் பிராட்லி அதுவரை போலீஸ் விஷயத்தில் ஜாக்கிரதையாகவே நடந்துவந்தவர். 1982-லும் 1986-லும் மாநிலக் கவர்னர் பதவிக்கு நின்றவர். போலீசைப் பகைத்தால் வெள்ளையர் ஓட்டுப் போய்விடும் என்ற கணக்கு இருந்திருக்கும். இனி மௌனம் சாதிக்க முடியாது. ஏப்ரல் 1-ல் வாரன் கிறிஸ்டோபர் என்ற வக்கீலின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார். ஏப்ரல் 2-ல் "கேட்ஸ் விலக வேண்டும்" என்று பகிரங்கமாகச் சொன்னார். கேட்ஸ் மறுத்தார்.

ஏப்ரல் 4-ல் போலீஸ் கமிஷன் கேட்ஸை 60 நாள் விடுப்பில் அனுப்பியது. மறுநாளே நகரசபையின் பெரும்பான்மை அங்கத்தினர்கள் கேட்ஸின் பக்கம் சாய்ந்தார்கள். நாலாம் நாள் கோர்ட் உத்தரவோடு கேட்ஸ் மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஜனங்கள் ஐந்து தடவை தேர்ந்தெடுத்த மேயரால் ஒரு போலீஸ் தலைவரை ஒரு வாரம்கூட வெளியே வைக்க முடியவில்லை!

கிறிஸ்டோபர் குழு ஜூலை 9-ல் அறிக்கை கொடுத்தது. கணிசமான போலீஸ்காரர்கள் திரும்பத் திரும்ப அளவுக்கு மீறிப் பலாத்காரம் செய்கிறார்கள், மேலதிகாரிகள் அதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்று அது எழுதியது. ஆறும் அதற்கு மேலும் புகார்களுக்கு ஆளான 44 பேரை அது கண்டுபிடித்தது. ரோந்துக் கார்களில் உள்ள கம்ப்யூட்டர் வழியாகப் போலீஸ்காரர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட இனவெறிச் சேதிகளையும் வெளியிட்டது. போலீஸ் தலைவருக்கு ஐந்து வருஷக் காலவரம்பு வேண்டும், ஒரு தடவைதான் நீட்டிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. கேட்ஸ் "ஓய்வு பெறுகிறேன்" என்றார். ஆனால் நாளைத் தள்ளிக்கொண்டே போனார். மேயரும் அவரும் பேச்சு வார்த்தையையே நிறுத்திவிட்டார்கள்.

ஊர் எரிந்த நாட்கள்

அடித்த போலீஸ்காரர்களில் நாலு பேர் மேல் வழக்கு. விசாரணையை நகரத்திலிருந்து எடுத்து, போலீஸ்காரர்கள் பலர் குடியிருந்த சிமி வாலி என்ற வெள்ளையர் ஊருக்கு மாற்றினார்கள். ஜூரிகளில் ஒரு கறுப்பர்கூட இல்லை. 1992 ஏப்ரல் 29 பிற்பகல் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஒருவர் விஷயத்தில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. மற்றபடி அனைவரும் விடுதலை.

படத்தில் கண்ணால் கண்டதை இந்தத் தீர்ப்பு மறைத்துவிட முடியாது என்று மேயர் கண்டித்தார். ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். புளோரன்ஸ், நார்மண்டி என்ற இரண்டு வீதிகள் சந்திக்கும் இடத்தில் கூட்டம் திரண்டது. போலீஸ் பின்வாங்கிப் போயிற்று, திரும்பி வரவில்லை. அந்த நேரத்தில் போலீஸ் தலைவர் எங்கே போனார் தெரியுமா? நிதி திரட்டும் கூட்டத்துக்கு! எதற்கு நிதி? போலீஸ் தலைவருக்குக் காலவரம்பு வைக்கும் சாசனத் திருத்தத்தை ஓட்டெடுப்பில் தோற்கடிப்பதற்கு. ஊர் எரியத் தொடங்கிய வேளையில் தன் நாற்காலியின் உரிமையைக் காக்கப் பணக்காரர் பேட்டைக்குப் போயிருந்தார்.

அதே சந்திப்பில் ஒரு வெள்ளைக்கார லாரி ஓட்டுநரை இழுத்துப் போட்டு, மண்டை பிளக்க அடித்தார்கள். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தவர். அதை டெலிவிஷனில் பார்த்த கறுப்பர்கள் நாலு பேர், முன்பின் அறியாதவர்கள், வீட்டை விட்டு ஓடிவந்து அவரைக் காப்பாற்றினார்கள். அவர்களில் ஒருவர் தாமே லாரி ஓட்டுநர். அவர்தான் அந்தப் பெரிய லாரியை ஓட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். போலீஸ் கைவிட்ட இடத்தில் ஒரு தொழிலாளியை இன்னொரு தொழிலாளி தூக்கி எடுத்தார். தோழர்களே, அந்த நாட்களின் சரித்திரத்தில் இதையும் நாம் மறக்கக் கூடாது.

ஊரடங்கு உத்தரவு வந்தது. தேசியக் காவற்படையும் பிறகு ராணுவமும் வந்தன. ஆறு நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; ஆயிரக்கணக்கானோர் காயமடைந்தார்கள். சேதம் சுமார் 100 கோடி டாலர். எரிந்தது யார் வீதி? பணக்காரர் பேட்டைகள் எரியவில்லை. ஏழைகளின் கடைத்தெரு எரிந்தது. கொரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் சிறு கடைகள் சுமார் 2,000 சேதமாயின. ஏழையின் ஆத்திரம் பக்கத்தில் இருந்த இன்னொரு சாமானியன் தலையில் விடிந்தது. இதைப் பெருமையாகப் பேச ஒன்றுமில்லை. நியாயமான கோபத்துக்கு ஸ்தாபனமும் வழியும் இல்லாமல் போனால் இதுதான் கதி.

அக்டோபரில் வில்லியம் வெப்ஸ்டர் தலைமையில் இன்னொரு குழு அறிக்கை கொடுத்தது. போலீஸ் தலைமையிடம் உருப்படியான முன்னேற்பாடு எதுவும் இல்லை என்றது. நகர நிர்வாகத்தையும் அது விட்டுவைக்கவில்லை.

ஓட்டு சாதித்ததும் சாதிக்காததும்

1992 ஜூன் 2-ல் சாசனத் திருத்தம் ஓட்டுக்கு வந்தது. ஜனங்கள் பெரும்பான்மையாக ஆதரித்தார்கள். 50 வருஷத்துக்கு மேல் இருந்த கோட்டை விழுந்தது. அதன் பின் போலீஸ் தலைவருக்கு ஐந்து வருஷம்தான். மேற்கொண்டு இன்னும் ஐந்து வருஷம் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அந்த ஜூன் மாதக் கடைசியில் கேட்ஸ் இறங்கினார். வில்லி வில்லியம்ஸ் என்ற கறுப்பர் முதல் தடவையாகத் தலைவரானார். 1993-ல் மத்திய சர்க்கார் போட்ட வழக்கில் அடித்தவர்களில் இரண்டு பேருக்கு 30 மாதச் சிறை கிடைத்தது. 1994-ல் ராட்னி கிங்குக்கு 38 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க நகரத்துக்கு உத்தரவாயிற்று.

இது வெற்றியா? வெற்றிதான். நீக்க முடியாதவர் என்று யாரும் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. 1997-ல் வில்லியம்சுக்கு இரண்டாம் தவணை கொடுக்கவில்லை. 2002-ல் அவருக்குப் பின் வந்த பெர்னார்ட் பார்க்சுக்கும் கொடுக்கவில்லை. ஆனால் பார்க்ஸ் விஷயத்தில் போலீஸ்காரர் சங்கமும் அவருக்கு எதிராக வரிந்து கட்டி நின்றது. கறுப்பு ஜனங்களோ அவர் பக்கம் நின்றார்கள். அதிகாரம் மேயர் பக்கம் வந்ததும், அந்த மேயரை யார் பிடித்து இழுக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது.

படை திருந்தியதா? 1990-களின் கடைசியில் ராம்பார்ட் பகுதிப் போலீசின் அக்கிரமங்கள் அம்பலமாயின. பொய்ச் சாட்சியம், கையில் திணித்த ஆயுதம், ஜோடித்த வழக்கு ஆகியவற்றால் சிறை போனவர்கள் பலரின் தண்டனை ரத்தாயிற்று. 2001 முதல் பல வருஷங்கள் அந்தப் போலீஸ் மத்தியக் கோர்ட்டின் கண்காணிப்பில் இருந்தது. தலைவரை மாற்றியதோடு வேலை முடியவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பேச்சு பாதியில் நிற்கும். தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீப்பிடித்தது? சவுத் கேட் என்ற இடத்தில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980-ல் மூடப்பட்டது. அங்கேயே இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982-ல் மூடப்பட்டது. கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் சங்கக் கூலி வாங்கிக் குடும்பம் நடத்திய ஆலைகள் அவை. ஆலை மூடினால் தெரு என்ன ஆகும் என்று மில் தொழிலாளிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிராட்லி மேயராக இருந்த அதே 20 வருஷத்தில் நகர நடுவில் வானளாவிய கட்டடங்கள் எழும்பின. 1984-ல் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஆலை வீதிகளுக்கு வேலை திரும்பவில்லை. வேலை போன இடத்துக்குச் சர்க்கார் அனுப்பியது போலீசைத்தான். கலவரத்துக்குப் பின் பெருமுதலாளிகள் முதலீடு செய்வதாக வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. பருத்திக் காட்டிலிருந்து வந்த மேயர் போலீஸ் தலைவரை எதிர்த்தார் என்பது உண்மை. பெருமுதலாளிகளை அவர் எதிர்க்கவில்லை என்பதும் உண்மை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

தோழர்களே! மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது: ஆயுதம் வைத்திருக்கும் எந்த அதிகாரியைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "இவர் நல்லவரா?" என்பதல்ல. "இவர் தவறு செய்தால் நீக்குவது யார்? எந்தச் சட்டப்படி? எத்தனை நாளில்?" என்பதே. லாஸ் ஏஞ்சல்ஸ் ஜனங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் 50 வருஷம் அடிபட்டார்கள்.

இரண்டாவது: மேயர் தனியாகச் செய்ய முடியாததை ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் செய்தார்கள். அந்த ஓட்டு வானத்திலிருந்து விழவில்லை. படம் பிடித்த ஒரு சாதாரண மனிதர், அடி வாங்கியும் சங்கத்தை விடாத துப்புரவுத் தொழிலாளிகள், வருஷக்கணக்காகப் புகார் எழுதிக் கொடுத்த பேட்டை ஜனங்கள் ஆகியோர் சேர்ந்துதான் அதைக் கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது: சட்டத்தை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. வேலையும் கூலியும் இல்லாத தெருவில் எந்தச் சட்டமும் அமைதியைக் கொண்டுவராது. சாமானியனும் சாமானியனும் மோதிக்கொண்டால் ஆதாயம் வேறு யாருக்கோ போகும்.

ஆலையிலும் வயலிலும் இதைப் பற்றிப் பேசுங்கள். படிக்கத் தெரியாத தோழர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தூர தேசத்துக் கதையாயிற்றே என்று யாராவது சொன்னால், அந்த லாரி ஓட்டுநரின் கதையை முதலில் சொல்லுங்கள். மற்றதை அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.